கமாண்டருக்குக் கல்யாணம்

போர்க்காலக் காதல் என்றாலே பலருக்கும் துறைமுகத்தில் கையசைக்கிற பெண்தான் நினைவுக்கு வருவாள். எனக்கு ஜமாலெக் என்றொரு குட்டிக் கப்பல் வரும்.

1943 மே மாதக் கடைசியில் பிரிட்டிஷ் கடற்படை கமாண்டர் பீட்டர் கிரெட்டனுக்கு லண்டனில் கல்யாணம், பெண் டோரதி டு விவியர். மாப்பிள்ளையோ நடு அட்லாண்டிக்கில், எஸ்.சி. 130 என்ற சரக்குக் கப்பல் கூட்டத்துக்குக் காவல். மணிக்கு 13, 14 கிலோமீட்டர் வேகம், நம்மூர் சைக்கிள்காரர் தாண்டிப் போய்விடுவார். தாமதமாகிவிடக் கூடாது என்று கூட்டத்தின் தலைமை அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார் மனுஷன். (என் கல்யாணத்தன்று நான் மண்டபத்துக்கு 40 நிமிடம் லேட். 16 வருடமாக வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள். நான் தாண்டி வந்தது கத்திப்பாரா மட்டும்தான்.)

இதற்கு முந்தைய கூட்டத்தில் எரிபொருள் போதாமல் கிரெட்டனின் டங்கன் கப்பல் பாதியில் விலக வேண்டியதாயிற்று. அந்தப் பயணத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மொத்தம் 13 கப்பல்களை மூழ்கடித்தன. அந்த வலியோடுதான் இந்த முறை கிளம்பினார்.

ஜமாலெக் மீட்புக் கப்பல், கூட்டத்தின் வாலில் வரும். முன்னால் ஒன்று அடிவாங்கினால் மற்றவை நிற்கக் கூடாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும். இது மட்டும் நின்று, பக்கவாட்டில் கயிற்று வலையைத் தொங்கவிடும். எண்ணெயில் ஊறியவன் கை வழுக்கும், ஏற முடியாது, அவனை மீன் அள்ளுவது போல நீளக் கழியில் கட்டிய வலையால் அள்ள வேண்டும். உள்ளே டாக்டரும் சின்ன ஆபரேஷன் அறையும் உண்டு. 1942 ஜூலையில், கூட வந்த மீட்புக் கப்பல் ஜாஃபரானை ஆர்க்டிக்கில் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தபோது, அதிலிருந்தவர்களை ஏற்றிக்கொண்டதும் ஜமாலெக்தான்.

இந்தப் பயணத்தில் அதற்கு வேறு வேலை. நீர்மூழ்கி ரேடியோவில் பேசினால் திசையைக் காட்டும் கருவி டங்கனில் ஒன்று, ஜமாலெக்கில் ஒன்று. இரண்டும் ஆளுக்கொரு கோடு போடும், கோடுகள் வெட்டுகிற இடத்தில் எதிரி இருப்பான். உடனே அந்தப் பக்கம் காவல் கப்பலோ விமானமோ பாயும். அப்படிச் சில நாள், ராத்திரி பகல் என்று பார்க்காமல்.

தாக்க வந்த ஜெர்மன் நீர்மூழ்கி யு-954 மே 19 அன்று மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸின் இளைய மகனும் இருந்தான், வயது 21. அவன் பெயரும் பீட்டர்தான்.

கூட்டத்தில் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஜமாலெக்கின் வலைகள் நனையாமலே ஊர் வந்து சேர்ந்தன. கிரெட்டன் லண்டனுக்கு ரயிலைப் பிடிக்க நேரம் மிச்சம் இருந்தது.