ஒரு ஆயர், நாலு கோயில், ஒரே ஈஸ்டர்

2027-இல் ஈஸ்டர் சீக்கிரமே வந்துவிடுகிறது. பிப்ரவரி 10 சாம்பல் புதன், மார்ச் 21 குருத்தோலை ஞாயிறு, 26 பெரிய வெள்ளி, 28 ஈஸ்டர். பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்வுகள் வழக்கமாக நடக்கிற நாட்களும் இவைதான். பாடகர் குழுவில் பாதி பிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். புதுப்பாட்டு பழக்குகிற ஆசையிருந்தால் ஜனவரியிலேயே முடித்துவிட வேண்டும்; மார்ச்சில் தெரிந்த கீர்த்தனையும் பாமாலையும் போதும்.

கொங்குப் பக்கத்துத் தென்னிந்திய திருச்சபைக் குருசேகரங்களில், அதாவது ஒரே ஆயரின் (பாஸ்டரின்) பொறுப்பில் இருக்கிற சபைத் தொகுதிகளில், பெரிய தலைவலி பாட்டு இல்லை, நேரம். டவுனில் ஒரு கோயில், சுற்றி மூன்று கிராமச் சபைகள், எல்லாவற்றுக்கும் ஒரே ஆயர். பிரசங்கத்தை உபதேசியாரோ சபையில் ஒரு பெரியவரோ செய்துவிடலாம். அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு மட்டும் அபிஷேகம் பெற்ற ஆயர்தான் வேண்டும். ஈஸ்டர் அன்று நாலு சபைக்கும் திருவிருந்து என்று எழுதிவிட்டால், கடைசி ஊர்க்காரர்கள் உச்சிவெயிலில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். திருவிருந்து வாங்க 180 பேர், முழங்காற்படியிட ஒரு வரிசைக்கு 12 பேர் என்றால் 15 வரிசை. ஒரு வரிசைக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் அதற்கே அரைமணி. விடியற்காலை 4.30-க்குத் தொடங்கும் டவுன் ஆராதனை 6.30-க்கு முன் முடியாது. முடிந்ததும் வாசலில் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லவே இருபது நிமிடம் போகும். அதனால் 7.30, 9.30 என்று இன்னும் இரண்டு ஊர், அதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். நாலாவது சபைக்குப் பெரிய வியாழன் மாலையில் திருவிருந்து கொடுத்து, ஈஸ்டர் காலையில் ஆயர் இல்லாத ஆராதனை வைக்கலாம். எந்த ஊருக்கு எந்த முறை என்பதை வருடா வருடம் சுற்றில் விட்டு, கமிட்டி நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் "எப்பவும் எங்க ஊருதான் கடைசியா?" என்ற பேச்சு அடுத்த சபைத் தேர்தல் வரைக்கும் ஓடும்.

சாம்பல் புதனில் நெற்றியில் சாம்பல் பூசுவதா என்று ஊருக்கு ஊர் வழக்கு உண்டு. காரணம் பழசு. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபில் வந்த சபைகளும் ஒன்றாயின. கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் காங்கிரிகேஷனல் மரபுக்கார லண்டன் மிஷன் வேலை செய்த பூமி. ஈரோட்டில் பிரப் ரோடு என்று சொல்கிறோமே, அந்தப் பிரப் லண்டன் மிஷனரிதான். அந்த மரபில் பிஷப்பும் கிடையாது, சாம்பலும் கிடையாது. பிஷப் வந்து தலையில் கை வைத்து, சபையின் முழு அங்கத்தினராகத் திடப்படுத்துவது இன்று சாதாரணமாகிவிட்டது, சாம்பல் மட்டும் சில ஊரில் ஒட்டவே இல்லை. பூச விரும்பாதவர்களை வற்புறுத்தாமல் இருப்பதே நல்லது.

பூசுகிற சபையாக இருந்தால், போன வருடக் குருத்தோலைகளை ஜனவரி கடைசி ஞாயிறன்றே வீடுகளிலிருந்து திரும்ப வாங்குங்கள். நன்றாகக் காய்ந்ததை இரும்புச் சட்டியில் எரித்து, ஆறியதும் மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் குழைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. சாம்பலில் தண்ணீர் பட்டால் காரம் இறங்கித் தோல் எரியும், குழந்தைகளுக்குச் சிவந்தே போகும். நாலைந்து சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் ஒட்டவும் செய்யும், எரியவும் எரியாது. இருநூறு பேருக்கு இரண்டு டீஸ்பூன் சாம்பலே மிச்சம்.

குருத்தோலைக்குத் தென்னைக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. அதற்காகக் கண்ட மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. விரியாத ஒரு குருத்தில் ஏறக்குறைய இருநூறு இலை இருக்கும். சிறுசும் கிழிந்ததும் கழித்தால் 150 பேருக்கு வரும். 300 பேர் சபைக்கு மூன்று குருத்து தாராளம். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். தென்னை மாதத்துக்கு ஒரு ஓலைதான் விடும். அடியோடு வெட்டி மொட்டில் காயம் பட்டால் அழுகல் வரும், காண்டாமிருக வண்டும் தேடி வரும். பழகிய மரமேறியை விட்டு மேல்பாதியை மட்டும் நறுக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாள் காலை வரை மஞ்சள் மாறாது.  ஊர்வலம் ரோட்டில் போவதானால் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, ஏழு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

பெரிய வெள்ளி பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம். 180 நிமிடத்தை ஏழால் வகுத்தால் ஒரு வார்த்தைக்கு 25 நிமிடம்: பாட்டுக்கு ஐந்து, வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் ஐந்து, செய்திக்குப் பன்னிரண்டு, மௌனத்துக்கு மூன்று. முதல் நாலு பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் அதிகம் எடுத்தாலே ஏழாம் வார்த்தைக்குப் பத்து நிமிடம்தான் மிஞ்சும். பத்தாவது நிமிடத்தில் மேடையில் ஒரு துண்டுச்சீட்டு வைக்க ஆள் போடுங்கள். மைக்கை அணைப்பது மரியாதை இல்லை, சீட்டு வைப்பதில் குற்றம் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் கிராமச் சபைகளுக்கும் வார்த்தைகளைப் பகிர்ந்து கொடுத்தால் வெளியிலிருந்து ஏழு பேரைத் தேட வேண்டியதில்லை. மார்ச் கடைசியில் வெயில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. சர்க்கரை நோயாளிகள் உபவாசம் இருக்க வேண்டாம் என்று முந்தின ஞாயிறே ஆயர் வாயால் சொல்ல வேண்டும். கமிட்டி சொன்னால் யாரும் கேட்பதில்லை.

மூன்று மணிக்குக் கஞ்சி. நூறு பேருக்குப் பச்சரிசி 5 கிலோ, பாசிப்பருப்பு ஒன்றேகால் கிலோ, தண்ணீர் 40 லிட்டர் அளவு. ஒன்றரைக்கே அடுப்பில் ஏற்றினால்தான் நேரத்துக்கு ஆகும். கஞ்சி நிற்க நிற்க இறுகும், ஐந்து லிட்டர் வெந்நீர் தனியாகக் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். தேங்காய்த் துவையலைக் காலையிலேயே அரைத்து வைத்தால் மூன்று மணிக்குப் புளித்துப் போயிருக்கும். இரண்டு மணிக்கு அரையுங்கள்.

திருவிருந்துக்குத் திராட்சைச் சாறு வீட்டில் காய்ச்சுகிற சபைகள் அதை எப்போதும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இந்த வெயிலில் வெளியே வைத்தால் ஒரே நாளில் நுரைத்துவிடும். தனிக் கிண்ணம் கொடுக்கிற இடத்தில் ஆளுக்கு 8 மில்லி, 180 பேருக்கு ஒன்றரை லிட்டர். நாலு ஊருக்கும் தனித்தனிப் பாட்டிலில் பெயர் ஒட்டி வையுங்கள்.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டச் சுத்தம். பார்த்தீனியத்தை வெறும் கையால் பிடுங்கினால் அரிப்பு வாரக்கணக்கில் போகாது. கையுறை போட்டு, பூக்கிறதற்கு முன்பே, அதாவது பிப்ரவரியிலேயே ஒரு தடவை எடுத்துவிட்டால் மார்ச்சில் பாதி வேலை மிச்சம். ஈஸ்டர் விடியலில் மெழுகுவர்த்தி ஏந்தி அங்கே போகிறவர்களுக்குப் பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டுக் கொடுங்கள். காற்றுக்கும் மறைவு, சேலையில் மெழுகும் சொட்டாது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஈஸ்டர் முடிந்ததும் வரிசையாக வரும். அந்த வாரமே முகூர்த்தம் வைத்தவர்கள் மார்ச் 7, 14, 21 ஆகிய ஞாயிறுகளில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, சபையில் வாசிக்க வேண்டும், அதற்குரிய தாள்கள் பிப்ரவரிக்குள் ஆயரிடம் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வேறு சபை என்றால் அங்கேயும் வாசித்த சான்று வேண்டும். கடைசி வாரம் ஆயரைத் துரத்துகிற வீட்டார் பெரும்பாலும் இதைத்தான் மறந்திருப்பார்கள்.

ஏப்ரல் 4 ஞாயிறு கூட்டம் குறையும், பாடகர் குழுவில் பாதி தொண்டை கட்டியிருக்கும். அன்று டவுன் ஆராதனையை ஒரு பெரியவர் நடத்தட்டும். ஈஸ்டர் அன்று திருவிருந்து கிடைக்காத அந்த நாலாவது ஊருக்கு ஆயர் காலை எட்டு மணிக்கே போய்ச் சேரட்டும்.