டர்பனில் சோலார்: கரண்ட் வந்தது, காகிதம்தான் வரவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டு வடக்குக் கூரையில் (பேனலுக்கு வெயில் நம்மூரில் தெற்கே, இங்கே வடக்கே) 550 வாட் பேனல் எட்டும், கீழே 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் மாட்டி முடித்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலையவிட்டது காகிதம்.

2023-24 வரி வருஷத்தில் சோலாருக்கு இருந்த வரிச்சலுகை தெரிந்ததுதான்: புதுப் பேனல் விலையில் 25%, உச்சம் 15,000 ரேண்ட். ஆனால் சி.ஓ.சி. என்கிற மின் சான்றிதழில் தேதி 2024 பிப்ரவரி 29-ஐத் தாண்டக்கூடாது. ஜனவரியிலேயே வேலை முடிந்தாயிற்று. சான்றிதழைக் கேட்டால் "டோன்ட் வொரி அங்கிள், டுமாரோ." பேனல் மாட்டிய பையன்கள் அதில் கையெழுத்துப் போட முடியாது, பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன்தான் போடவேண்டும். அவரோ ஊரில் இல்லையாம். நல்லவேளை, கடைசித் தவணையை நான் கொடுக்கவில்லை. "சி.ஓ.சி. வந்தால்தான் பாக்கி" என்றேன். மறுநாளே மனுஷன் டெஸ்டரோடு வாசலில் நிற்கிறார்! தேதி பிப்ரவரி 27.

அடுத்த கூத்து இன்வாய்ஸ். "கம்ப்ளீட் சோலார் சிஸ்டம்" என்று ஒரே வரி, ஒரே தொகை. சலுகையோ பேனலுக்கு மட்டும். இன்வெர்ட்டர், பேட்டரி, கூலி எதுவும் சேராது. பிரித்துப் போடச் சொன்னால், "கம்ப்யூட்டரில் அப்படித்தான் வரும்" என்றார் கவுன்டர் அம்மா. நான் நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டதும் கம்ப்யூட்டரில் எல்லாம் வந்தது: பேனல் 28,000 ரேண்ட், தனி வரியில். வரித் துறை ஆவணம் கேட்டபோது சான்றிதழ், இன்வாய்ஸ் இரண்டையும் ஏற்றினேன். 7,000 ரேண்ட் சலுகை கிடைத்தது. கொட்டேஷன் வாங்கும்போதே பிரித்துக் கேட்டுவிடுங்கள்.

பிரீபெய்ட் மீட்டர்காரர்கள் கவனம்! பல மீட்டர்களுக்கு, மிஞ்சி வெளியே லைனுக்குப் போகும் சோலார் கரண்டும் உள்ளே வரும் கரண்டும் ஒன்றுதான், இரண்டையும் செலவாகவே கழிக்கும். எங்கள் வீட்டில் உச்சி வெயிலில் ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுகிறது, காசு கட்டி வாங்கிய யூனிட் மளமளவென்று இறங்குகிறது. மெயின் வயரில் கவ்வியிருக்கும் சென்சாரைத் திருப்பி மாட்டி, வெளியே அனுப்புவதை இன்வெர்ட்டரில் பூஜ்யமாக்கிய பிறகே நின்றது. நகராட்சியில் பதிவு செய்வதையும் தள்ளிப்போடாதீர்கள்.

2024 மார்ச் 26-ஆம் தேதியிலிருந்து லோட் ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டை, அரசு மின் நிறுவனமான எஸ்காம் நிறுத்திவைத்தது. மாதக்கணக்கில் கரண்ட் போகவே இல்லை. நான் காசு போடத்தான் காத்திருந்தார்கள் என்று வீட்டில் இன்னும் கிண்டல். ஆனால் அந்த ஏப்ரலிலேயே எஸ்காம் கட்டணம் 12.74% ஏறியது, அதற்கு முந்தைய வருஷம் 18.65%. ஆகவே இப்போது என் கணக்கு பேட்டரியில் இல்லை, கீசரில். டைமர் போட்டுப் பகல் பதினொரு மணிக்குச் சோலார் கரண்டிலேயே ஓடவிடுகிறேன்; பில் இறங்கியது அதற்குப் பிறகுதான்.