சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டத் தாள்: முகவுரையிலிருந்து படித்துப் பாருங்கள்

இந்தத் தேர்வுத் தாளுக்குப் பலரும் ஸ்டாக்ஹோம் 1972, ரியோ 1992, பாரிஸ் 2015 என்று சுற்றுச்சூழல் மாநாடுகளை வரிசையாக உருப்போடுகிறார்கள். கேள்வி என்னவோ, அதெல்லாம் இந்தியச் சட்டத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதைச் சுற்றித்தான் வருகிறது. நான் அதனால் தலைகீழாகப் படித்தேன்: முதலில் பேர் ஆக்ட் (உரை விளக்கம் எதுவுமில்லாத சட்ட மூலம்), அப்புறம்தான் உடன்படிக்கை.

1981 காற்றுச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் இரண்டின் முகவுரையிலும் ஸ்டாக்ஹோம் மாநாடு இருக்கிறது. சர்வதேச மாநாட்டு முடிவுகளை நிறைவேற்ற நாடாளுமன்றம் சட்டமியற்றலாம் என்கிற அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு அவற்றுக்கு ஆதாரம். 1974 தண்ணீர்ச் சட்டத்தின் கதை வேறு. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட, 252ஆம் பிரிவு வழியாக வந்தது அது. இந்த வேறுபாட்டை எழுதுகிறவர்கள் குறைவு.

தீர்ப்புகளில் ஒன்றை மட்டும் முழுதாகப் படிக்க நேரமிருந்தால், 1996 வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றிலும் வயல்களிலும் கலந்த விவகாரம். அறிவியல் உறுதி இல்லாவிட்டாலும் கேட்டை முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்றது உச்ச நீதிமன்றம். சர்வதேச வழக்காற்றுச் சட்டம் (நாடுகள் சட்டக் கடமையாகவே ஏற்றுப் பின்பற்றிவரும் நடைமுறை) உள்நாட்டுச் சட்டத்தோடு முரண்படாதவரை அது இங்கும் செல்லும் என்பது அதன் வாதம். கூடவே அரசியலமைப்பின் 21, 47, 48ஏ, 51ஏ(ஜி) பிரிவுகளையும் துணைக்கு அழைத்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கவும் கேட்டுக்கொண்டது.

விடையில் இங்கே ஒரு விமர்சனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னெச்சரிக்கைக் கோட்பாடு வழக்காற்றுச் சட்டமாகிவிட்டதா என்பது அப்போது சர்வதேச அளவில் முடிவாகாத விஷயம். 1998இல், ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சிக்கான இறக்குமதித் தடை பற்றிய வழக்கில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பே அதில் கருத்துச் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டது. நம் நீதிமன்றம் கொஞ்சம் முந்திக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பலன் நல்லது, தர்க்கம் அவசரம்.

2010 பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் இதே கோட்பாடுகள் சட்ட வாசகமாகவே ஏறிவிட்டன. விடையில் இதற்கு ஒரு வரி போதும். புதிய தீர்ப்பு வேண்டுமென்றால் அருகிவரும் கானமயில் என்ற பறவையைப் பற்றிய 2024 வழக்கு: பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளுக்கு எதிரான உரிமையை 14, 21ஆம் பிரிவுகளில் கண்ட உச்ச நீதிமன்றம், இந்தியாவின் சர்வதேசப் பருவநிலைக் கடப்பாடுகளையும் எடுத்துப் பேசியது. அந்தக் கடப்பாடுகளையும் காரணமாகக் காட்டி, பறவை மோதிச் சாகாமலிருக்க மின்கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கச் சொன்ன 2021 உத்தரவைத் தளர்த்தியது என்பதையும் விடாமல் எழுதுங்கள்.