நோட்டில் 40, ரிப்போர்ட்டில் 42

கோவையில் ஒரு விநியோக நிறுவனத்தில் நான்கு வருடம் டேட்டா வேலை பார்த்தேன். சோப்பு, பிஸ்கட், டீத்தூள் என்று கம்பெனிகளிடம் வாங்கி மளிகைக் கடைகளுக்குப் போடும் இடம். சேல்ஸ்மேன் ஒவ்வொருவருக்கும் ஒரு லைன், அதாவது அவர் சுற்றிவரும் கடைகளின் வழி, உண்டு. மாதத்தில் அந்த லைனில் எத்தனை கடைக்கு பில் போட்டிருக்கிறார் என்பதை வைத்துத்தான் அவருக்கு இன்சென்டிவ். ஒரே கடைக்குப் பத்து பில் போட்டாலும் அது ஒரு கடைதான்.

நான் சேர்ந்தபோது அந்த ரிப்போர்ட்டில் லைன் பெயரும் பக்கத்தில் ஒரு எண்ணும் மட்டும்தான் இருந்தன. ஒரு லைனின் பில் வரிகளையெல்லாம் ஒரே வரியாகச் சுருக்கும் குரூப் பை என்ற டேட்டாபேஸ் கட்டளை போட்டு எடுத்தது. மாதக் கடைசியில் சேல்ஸ்மேன்கள் என் மேஜை முன்னால் வந்து நின்று, "இது எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்பார்கள். அந்த ஒற்றை எண்ணைக் காட்டி அவர்களுக்கு நான் எதைப் புரிய வைப்பது? வெயிலில் வண்டி ஓட்டிச் சம்பாதித்த காசு அது. தன் பில்கள் ஒவ்வொன்றும் வரிசையாகத் தெரிய வேண்டும், அவற்றின் பக்கத்திலேயே லைனுக்கான கடை எண்ணிக்கையும் வர வேண்டும், அவரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வரிகளைச் சுருக்காமல் குழுவின் கணக்கை ஒவ்வொரு வரியிலும் எழுதித் தருவது விண்டோ ஃபங்ஷன்தான்.

திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் எண்ணும் கவுண்ட் டிஸ்டிங்க்ட் எழுதி, பின்னால் அதை விண்டோ ஃபங்ஷனாக்கும் ஓவர், அதற்குள் லைன்வாரியாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் பை லைன் என்று போட்டேன். எங்கள் டேட்டாபேஸான எஸ்.க்யூ.எல். சர்வர் மறுத்துவிட்டது. ஓவரோடு டிஸ்டிங்க்ட் சேரக்கூடாதாம். மற்ற டேட்டாபேஸ்களில் போஸ்ட்கிரெஸும் அதை ஏற்பதில்லை. மைஎஸ்க்யூஎல்லுக்கு விண்டோ ஃபங்ஷனே 2018-இல், 8.0 பதிப்பில்தான் வந்தது. அதிலும் டிஸ்டிங்க்ட் இல்லை. ஆரக்கிள் அனுமதிக்கும், ஆனால் உள்ளே வரிசைப்படுத்தும் ஆர்டர் பை போடக்கூடாது.

ஏன் இந்தத் தயக்கம் என்று யோசித்தபோது நகரும் விண்டோதான் நினைவுக்கு வந்தது. கடைசி ஏழு நாள் விற்பனைத் தொகை வேண்டுமென்றால் புது நாளைக் கூட்டி பழைய நாளைக் கழித்தால் போதும். கடைகளை அப்படிக் கழிக்க முடியாது. விலகிப்போகும் நாளில் வாங்கிய கடை மீதி ஆறு நாளிலும் வாங்கியிருக்கலாம். எந்தக் கடை எத்தனை முறை உள்ளே இருக்கிறது என்று முழுப் பட்டியலையும் கையில் வைத்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஒரே மதிப்புக்கு ஒரே ரேங்க், இடையில் எண் விடாமல் கொடுக்கும் டென்ஸ் ரேங்கை இரண்டு முறை போடும் வழியை அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். ஒரு லைனில் ஐந்து பில், கடை எண்கள் 101, 101, 102, 104, 102 என்று வைத்துக்கொள்வோம். ஏறுவரிசையில் ரேங்க் 1, 1, 2, 3, 2. இறங்குவரிசையில் 3, 3, 2, 1, 2. எந்த வரியில் கூட்டினாலும் 4. ஒன்றைக் கழித்தால் 3, அதாவது மூன்று கடை. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் முன்னாலிருந்து தன் இடத்தையும் பின்னாலிருந்து தன் இடத்தையும் எண்ணிக் கூட்டினால், தன்னை இரண்டு முறை எண்ணியிருப்பார் இல்லையா, அதே கணக்குதான். அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இரண்டு ரேங்கிலும் பார்ட்டிஷன் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் லைனும் மாதமும், மற்றதில் லைன் மட்டும் என்று விட்டுப்போனால் எண் உளறும்.

புது ரிப்போர்ட் போன முதல் மாதம், சீனியர் சேல்ஸ்மேன் ஒருவர் மேலே வந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாதான். கையில் நீள நோட்டு.

"ஏனுங் அம்மிணி, என்ற நோட்டுல நாப்பது கடைதான் இருக்குது. உங்க ரிப்போர்ட்டுல நாப்பத்திரெண்டுன்னு வருதே?"

"அதிகமாத்தானே அண்ணா வந்திருக்கு?"

"அதிகமோ கம்மியோ, கணக்கு ஒத்து வரோணுமல்லங்க."

உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாக அவர் நோட்டோடு டிக் அடித்தோம். நாற்பது நிமிடத்தில் முதல் கோளாறு அகப்பட்டது. குடோனிலேயே வந்து காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்குப் போட்ட ரொக்க பில்கள் அவர் லைனில் விழுந்திருந்தன. அவற்றில் கடை எண் இல்லை, அந்த இடம் காலி. கவுண்ட் டிஸ்டிங்க்ட் காலி இடத்தை எண்ணாது. டென்ஸ் ரேங்க் அதையும் ஒரு மதிப்பாக வைத்து ரேங்க் கொடுத்துவிடும். ரொக்க பில் இருந்த லைன் ஒவ்வொன்றிலும் இல்லாத கடை ஒன்று கூடியிருந்தது. 40 கடை தொட்டால் இன்சென்டிவில் அடுத்த ஸ்லாப். இன்னொரு லைன் 39-இல் நின்று, அந்தக் காலி இடத்தின் தயவில் ஸ்லாப் தாண்டியிருந்தது. முதலாளியிடம் போய் என் தவறு என்று சொன்னேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்க வேண்டாம், அடுத்த மாதத்திலிருந்து சரி செய்யுங்கள் என்றார்.

காலி இருக்கும் குழுவில் இன்னொரு ஒன்றைக் கழித்தால் தீரும். ஆனால் நான் வழியையே மாற்றிவிட்டேன். லைன், மாதம், கடை என்று பிரித்து பில் தேதி, பில் எண் வரிசையில் 1, 2, 3 என்று வரிக்கு எண் கொடுக்கும் ரோ நம்பர் போட்டு, கடை எண் இருந்து ரோ நம்பர் 1 ஆகவும் இருக்கும் வரிக்கு மட்டும் 1, மற்றதற்கெல்லாம் 0. பிறகு லைனுக்கும் மாதத்துக்கும் அந்த ஒன்றுகளின் சம், அதாவது கூட்டுத்தொகை. எந்த பில்லில் கடை முதல்முறையாக எண்ணப்பட்டது என்று சேல்ஸ்மேனுக்குக் கண்ணெதிரே தெரியும். சம்முக்குள்ளும் அதே தேதி, பில் எண் வரிசையைப் போட்டால், இன்றுவரை எத்தனை கடை என்ற ஓடும் கணக்கும் வரும். இரட்டை டென்ஸ் ரேங்க் அழகானதுதான். ஆனால் நாலு பேர் சரிபார்க்க வேண்டிய இடத்தில் இதையே போடுவேன்.

புது ரிப்போர்ட்டில் அண்ணாவின் லைனுக்கு 41 வந்தது. நோட்டில் 40.

மீதி ஒன்றைத் தேடிப் பிடித்ததும் அவர்தான். பட்டியலில் இரண்டு எண்களின் மேல் விரலை வைத்தார். மாத நடுவில் கடைக்காரப் பெரியவர் இறந்துவிட, மகன் கடையை எடுத்திருக்கிறார். ஜி.எஸ்.டி. எண் உரிமையாளரின் பான் எண்ணை ஒட்டியது; ஆள் மாறியதால் எண்ணும் மாறியது. பில்லிங்கில் புதுக் கடையாக ஏற்றியிருந்தார்கள். டேட்டாபேஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு மதிப்புகள். ரோ நம்பருக்கும் டென்ஸ் ரேங்குக்கும் அதைத் தாண்டி எதுவும் தெரிய வழியில்லை.

வாடிக்கையாளர் டேபிளில் 'மூலக் கடை எண்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அதை வைத்தே எண்ண ஆரம்பித்தோம். எந்தப் புது எண் எந்தப் பழைய கடையைச் சேர்ந்தது என்பதை மாதாமாதம் சேல்ஸ்மேன்களோடு உட்கார்ந்து நிரப்பினேன். முதல் நாள் அந்த அப்பா-மகன் வரியில் எனக்கு ஒரு சந்தேகம். சட்டப்படி உரிமையாளரே வேறு ஆயிற்றே, இதை ஒரே கடை என்று எழுதலாமா?

"அதே ஷட்டருங்க அம்மிணி, அதே கல்லாப்பெட்டி. அப்பா படம் மட்டும் செவுத்துக்கு வந்துருச்சு," என்றார் அண்ணா.

இரண்டு எண்ணுக்கும் ஒரே மூலக் கடை எண்ணை எழுதினேன்.