சுற்றுச்சூழல் தொடர்பியலில் ஆய்வாளராக நிலைத்த விதம்

இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தத் துறையில் போய்ச் சேருவது என்பதைத்தான். நியாயமான கேள்வி. சுற்றுச்சூழல் தொடர்பியல், அதாவது சுற்றுச்சூழலைப் பற்றி மக்களும் வல்லுநர்களும் அதிகாரிகளும் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராயும் துறை, சில பல்கலைக்கழகங்களில் ஊடகவியலுக்குள் இருக்கும், சிலவற்றில் வனவியலோடு, சிலவற்றில் வேளாண் விரிவாக்கத்தோடு, இன்னும் சிலவற்றில் புவியியலோடு. ஸ்வீடன் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் போல அதற்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் இடங்கள் குறைவு. நான் நீரியலில் முதுகலை முடித்துவிட்டு இங்கே வந்தேன். முனைவர் பட்டம், தற்காலிக ஆய்வுப் பணி, நிரந்தர வேலை, பதவி உயர்வு என்று ஒவ்வொரு படியிலும் "நீங்கள் எந்தத் துறை?" என்று கேட்டார்கள். அதை எப்படிக் கடந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீரியலிலிருந்து என்னை நகர்த்தியது ஆடுகளைப் பற்றிய ஓர் ஆய்வு. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. அடுத்த மாதம் பெய்த மழையோடு கதிரியக்கச் சீசியம் இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியிலும் இறங்கியது. ஜூனில், அங்கே ஆடுகளை இடம் மாற்றவும் இறைச்சிக்கு விற்கவும் தடை வந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் வல்லுநர்கள். களிமண்ணில் சீசியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், செடிக்கு அதிகம் ஏறாது. அந்தக் கணக்கை வைத்துச் சொன்னது அது. மலைமேல் இருந்ததோ மட்கிய தாவரப் பொருள் நிறைந்த அமில மண். அதில் சீசியம் கட்டுப்படாமல் புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும், மறுபடி மண்ணுக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசிப் பண்ணைகளுக்குத் தடை நீங்கியது 2012இல்.

பிரயன் வின் என்ற சமூகவியலாளர் அந்த ஆடு வளர்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசினார். அவர் எழுதியதில் ஓர் இடம் எனக்கு மறக்கவே இல்லை. சீசியத்தைப் பிடித்துவைக்குமா என்று பார்க்க வல்லுநர்கள் பென்டோனைட் என்ற களிமண்ணை வெவ்வேறு அளவில் தூவி, ஒவ்வொரு துண்டு நிலத்தையும் வேலியடைத்து, உள்ளே ஆடுகளை விட்டுச் சோதித்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு அடைப்புக்குள் இளைத்துப்போகும், இந்தச் சோதனை தேறாது என்று வளர்ப்பவர்கள் முன்பே சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அவர்கள் சொன்ன அதே காரணத்துக்காகச் சோதனை கைவிடப்பட்டது. முன்பே சொன்னவர்கள் இவர்கள்தான் என்று யாரும் பதிவுசெய்யவில்லை. மக்களுக்குத் தகவல் போதவில்லை, தகவலைக் கொடுத்துவிட்டால் போதும் என்ற நினைப்புக்கு இந்தத் துறையில் குறைபாட்டு மாதிரி என்று பெயர். கம்பிரியாவில் தகவல் போதாமல் இருந்தது வல்லுநர்கள் பக்கத்தில். நீரியல் வகுப்பில் எனக்கு மண்ணும் நீரும் சொல்லிக் கொடுத்தார்கள்; இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொரு பக்கம் வள மேலாண்மை. 1968இல் காரெட் ஹார்டின் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், எல்லோருக்கும் திறந்த மேய்ச்சல் நிலம் அழிந்துதான் தீரும் என்று வாதிட்டார். எலினார் ஆஸ்ட்ரம் அதற்குப் பதிலாக உலகெங்கும் நீடித்து நின்ற பாசன அமைப்புகளையும் மேய்ச்சல் நிலங்களையும் எடுத்துக் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். பொதுவளம் நீடிக்க அவர் வகுத்த எட்டு நெறிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அவரும் சக ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனை. பொதுவளம் ஒன்றைப் பங்கிட்டு எடுக்கும் விளையாட்டில், பங்கேற்றவர்களை நேருக்கு நேர் பேசவிட்டார்கள். தண்டிக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லாமலே ஒத்துழைப்பு நன்றாகக் கூடியது. பேச்சே வள மேலாண்மையின் ஒரு பகுதி என்று சொல்ல எனக்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவைப்படவில்லை. என் ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இதைத்தான் வைத்தேன்.

நெறியாளர் கிடைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. தொடர்பியல் பக்கம் கேட்டால் "இது நீர் மேலாண்மை", அந்தப் பக்கம் கேட்டால் "இது ஊடகம்". முடிவில் இருவரையும் சேர்த்தே வைத்துக்கொண்டேன்: முதன்மை நெறியாளர் ஒரு துறை, இணை நெறியாளர் இன்னொரு துறை. இதைப் பரிந்துரைக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. இருவரையும் திருப்திப்படுத்த இரண்டு ஆய்வு செய்யக் கூடாது. கேள்வி ஒன்றுதான் இருக்க வேண்டும். என் கேள்வி இது: ஒரு வளத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் யாரால் பேச முடிகிறது, அந்தப் பேச்சு முடிவை மாற்றுகிறதா? சூசன் செனெகா என்ற ஆய்வாளர் 2004இல் குரலுக்கு மூன்று கூறுகள் சொன்னார். கூட்டத்துக்குள் வர முடிவது, பேசினால் மதிப்பு கிடைப்பது, பேசியது முடிவில் தெரிவது. வந்துவிட்டால் பேசியாகிவிட்டது என்று அதிகாரிகள் நினைப்பதும், பேசியும் பயனில்லை என்று மக்கள் நினைப்பதும் ஏன் என்று அந்த மூன்றையும் வைத்தே பிரித்துப் பார்க்க முடிந்தது.

பாடநெறிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புள்ளியியலையும் நேர்காணல் முறைகளையும் இரண்டையும் படியுங்கள், பின்னால் வரும் மதிப்பீட்டாளர்களுக்காகவாவது.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிக் குழுவின் ஒப்புதல்தான் என் நேரத்தை அதிகம் எடுத்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை, ஏனென்றால் ஆய்வு உருப்பெற்றது அங்கேதான். என் களம் ஓர் ஏரி. அங்கே மீனவர்களும் அரசுத் துறையும் சேர்ந்து கூட்டு மேலாண்மைக் குழு நடத்தினார்கள். (ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன், குழுவுக்குக் கொடுத்த வாக்கு இன்னும் செல்லும்.) எல்லோரிடமும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும் என்றது நெறிக் குழு. முன்பு யாரோ நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டு உரிமம் இழந்தவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். கையெழுத்து கேட்ட உடனே பேச்சு நின்றுவிடும். வாய்மொழியாக ஒப்புதல் பெற்று ஒலிப்பதிவு செய்யலாம், எந்த நேரமும் விலகலாம் என்பதைப் பேட்டியின் நடுவிலும் ஒருமுறை நினைவூட்டலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதை ஏற்றார்கள்.

அடுத்து ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள்: தடைசெய்யப்பட்ட சிறுகண்ணி வலையைப் பயன்படுத்துவதாக யாராவது பேட்டியில் சொன்னால், அந்தப் பதிவை என்ன செய்வீர்கள்? இதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லாமல் களத்துக்குப் போயிருந்தால் பாதிக்கப்படுவது நானாக இருக்காது. பெயரைப் பதிவின் தொடக்கத்திலிருந்தே சேர்க்காமல் குறியீடு மட்டும் வைப்பது, வலை போடும் இடங்களைத் துல்லியமான ஆயத்தொலைவுகளாகச் சேமிக்காமல் ஏரியின் பெரும் பகுதிகளாக மட்டும் குறிப்பது, எழுத்தாக்கம் முடிந்ததும் ஒலியை அழிப்பது என்று முறையை மாற்றி அமைத்தேன். இயற்கை வளத்தில் ஆய்வு செய்யும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். மரம், மீன், மணல், தண்ணீர், எதைப் பற்றிப் பேசினாலும் யாரோ ஒருவர் சட்டத்தின் மறுபக்கம் இருப்பார், பல நேரம் வேறு வழியில்லாமல்.

களத்தில் என் முக்கியமான வேலை, கூட்டங்களில் பேசியதையும் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏறியதையும் வரிக்கு வரி ஒப்பிடுவது. பொறியாளர் சொன்ன நீர்மட்ட அளவு "தகவல்" என்ற தலைப்பில் ஏறியது. முட்டையிடும் காலத்தில் கரையோரப் புல்வெளி நீரில் மூழ்காமல் போகிறது, மீன் முட்டையிட இடம் இல்லை என்று மீன் பதப்படுத்தும் பெண்கள் சொன்னது "கருத்து" என்ற தலைப்பில் ஏறியது. அடுத்த கூட்டத்தில் தகவல்களை வைத்து விவாதம் நடந்தது. கருத்துகள் வாசிக்கப்பட்டு முடிந்தன. யாரும் யாரையும் தடுக்கவில்லை, யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவும் இல்லை. அப்புறம் நான் மதகு இயக்கப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். நீரியல் படித்தது அங்கே கைகொடுத்தது. பெண்கள் சொன்ன மாதங்களில்தான் நீர்மட்டம் இறக்கிவைக்கப்பட்டிருந்தது. அந்த ஒப்பீடுதான் என் ஆய்வேட்டின் மைய அத்தியாயம். கட்டுரையாக அனுப்புவதற்கு முன் அதை அவர்களுடைய குழுவிலேயே வாசித்துக் காட்டினேன். அவர்கள் சில இடங்களைத் திருத்தினார்கள். பிறகு மினிட்ஸ் படிவத்தில் அந்த இரண்டு தலைப்புகளையும் எடுத்துவிட்டு, யார் சொன்னார், யார் சரிபார்ப்பார் என்று இரண்டு கட்டங்கள் வைத்தார்கள். என் ஆய்வால் நடந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இது.

பிரசுரத்துக்கு வருவோம். சொசைட்டி அண்ட் நேச்சுரல் ரிசோர்சஸ் 1988 முதல் வரும் ஜர்னல், என்விரான்மென்டல் கம்யூனிகேஷன் 2007இல் தொடங்கியது. இரண்டின் வாசகர்களும் வேறு. ஒரே கட்டுரையை இரு தரப்புக்கும் எழுதினால், ஒரு மதிப்பீட்டாளர் "மாதிரி அளவு போதாது" என்பார், மற்றவர் "கோட்பாடு எங்கே" என்பார். இரண்டும் எனக்கு வந்தன. நீர்மட்டமும் முடிவெடுப்பும் பற்றியதை வள மேலாண்மைக்கும், மினிட்ஸ் எழுதும் நடைமுறை பற்றியதைத் தொடர்பியலுக்கும் பிரித்து எழுதியதும் வழி திறந்தது. ஒரே தரவை இரண்டு முறை விற்பதாக ஆகிவிடக் கூடாது. கேள்வியும் ஆதாரமும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்றில் மற்றொன்றைக் குறிப்பிட வேண்டும்.

தற்காலிக ஆய்வுப் பணியில்தான் எச்சரிக்கை தேவை. பெரிய சூழலியல் திட்டங்களில் "பங்குதாரர் ஈடுபாடு" என்று ஒரு பகுதிக்குப் பணம் ஒதுக்கியிருப்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் அங்கே. ஆனால் போனபிறகு துண்டறிக்கை வடிவமைக்கவும் கூட்டத்துக்கு ஆள் அழைக்கவும் சொல்வார்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அறிவிப்பதும் கருத்துக் கேட்பதும் அதில் மூன்றாம், நான்காம் படிகள். அவற்றை ஒப்புக்கான பங்கேற்பு என்றே வகைப்படுத்தினார். துண்டறிக்கை வேலை அந்த மூன்றாம் படியிலேயே நின்றுவிடும். சேருவதற்கு முன் நான் எழுத்தில் கேட்டு வாங்கியவை: எனக்கென்று ஓர் ஆய்வுக் கேள்வி, அதற்கான தரவு மீது உரிமை, முதல் ஆசிரியராக எழுத நேரம். தயங்காமல் கேளுங்கள். நல்ல திட்டத் தலைவர்கள் கேட்டால் மதிப்பார்கள்.

நிரந்தர வேலைக்கான நேர்காணல்களில் இரண்டு கேள்விகள் மாறாமல் வந்தன. முதலாவது, என்ன பாடம் நடத்துவீர்கள். இடர்த் தொடர்பியல், பொதுவள ஆளுகை இரண்டுக்கும் முழுப் பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கொண்டுபோனது என் துறையைப் பற்றிய ஐயத்தை அங்கேயே தீர்த்தது. இரண்டாவது, நீங்கள் ஆய்வாளரா, செயற்பாட்டாளரா. ராபர்ட் காக்ஸ் 2007இல் இந்தத் துறையை நெருக்கடித் துறை என்றார். மைக்கேல் சூலே 1985இல் பாதுகாப்பு உயிரியலுக்குச் சொன்னதை ஒட்டியது அது: இயற்கை அழிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நமக்கு உரிமை இல்லை. காக்ஸ் பேராசிரியராக இருந்துகொண்டே அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான சியரா கிளப்பின் தலைவராகவும் இருந்தவர். நான் சொன்ன பதில் இது: மக்களின் பேச்சு முடிவில் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன், அதை மறைக்க மாட்டேன், தெரிகிறதா இல்லையா என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி ஆதாரத்தோடு காட்டுவேன். எனக்கு வேலை கிடைத்த இடத்தில் இந்தப் பதிலுக்குப் பின்தான் பேச்சு சூடுபிடித்தது.

பதவி உயர்வுக் கோப்பில் மறுபடியும் அதே சிக்கல். இரண்டு துறைகளுக்குப் பொதுவான பதவி என்றால், யார் மதிப்பிடுவார்கள், எந்த ஜர்னல்கள் கணக்கில் வரும், கொள்கைக் குறிப்பும் மக்களுக்கான அறிக்கையும் சேருமா என்பதை வேலையில் சேரும் வாரத்திலேயே எழுதி வாங்குங்கள். 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம், ஜர்னலின் தாக்கக் குறியீட்டை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை) வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்கிறது. உங்கள் நிறுவனம் அதில் கையெழுத்திட்டிருந்தால் அதைக் கோப்பின் முன்னுரையிலேயே குறிப்பிடுங்கள். நான் அப்படிச் செய்தேன். மாற்றிய மினிட்ஸ் படிவத்தையும் இணைப்பாக வைத்தேன், குழு அனுமதியோடு, ஏரியின் பெயரை அழித்துவிட்டு. வெளி மதிப்பீட்டாளர்களின் பெயர்களைக் கேட்டபோது தொடர்பியலிலிருந்து சிலர், பொதுவள ஆய்விலிருந்து சிலர், இரண்டிலும் கால் வைத்தவர்கள் சிலர் என்று கொடுத்தேன். கடைசி வகையினர் எழுதிய கடிதங்கள்தான் அதிகம் உதவின என்று பின்னர் துறைத் தலைவர் சொன்னார். அவர்களைச் சந்திக்க வேண்டுமானால் 2011இல் தொடங்கிய சர்வதேசச் சுற்றுச்சூழல் தொடர்பியல் சங்கத்தின் மாநாட்டுக்கும், பொதுவள ஆய்வுச் சங்கத்தின் மாநாட்டுக்கும் மாறி மாறிப் போங்கள். மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள்.