"அதெல்லாம் நாய்ல பார்த்ததும்மா"

"சார், ஏட்ரியம் விரிஞ்சா கிட்னிக்குப் போற சிம்பதெட்டிக் நரம்பு அடங்கும், யூரின் கூடும்னு கிளாஸ்ல சொன்னீங்களே. இவருக்கு யூரினே இல்ல. அப்போ உள்ள தண்ணி பத்தலனுதானே சார் அர்த்தம்?"

கேட்டவர் பி.ஜி. (முதுநிலை மருத்துவ) மாணவி. ஏட்ரியம் என்பது இதயத்தின் மேலறை, சிம்பதெட்டிக் என்பது உடம்பை முடுக்கிவிடும் தானியங்கி நரம்பு. ஒரு பாட்டில் சலைன் ஏற்றிப் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். நோயாளிக்கு நாள்பட்ட இதயச் செயலிழப்பு. நாடி 120-ஐ ஒட்டி ஓடியது, எக்கோ ஸ்கேனில், உடம்பின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை புடைத்திருந்தது. தண்ணீர் பத்தாமல் இல்லை, தேங்கித்தான் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சிறுநீரைக் கூட்டும் மருந்தான லாசிக்ஸ் போடச் சொன்னேன். கேள்விக்கு, "அதெல்லாம் நாய்ல பார்த்ததும்மா" என்றுவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தேன்.

சொன்னது பொய்யில்லை. நாயின் சிரையில் திரவம் ஏற்றினால் இதயத் துடிப்பு கூடுவதை பெயின்பிரிட்ஜ் 1915-இல் காட்டினார். 1964-இல் லெட்சமும் லிண்டனும் நுரையீரல் சிரைகள் இடது ஏட்ரியத்தைச் சேரும் இடத்தைச் சிறு பலூனால் விரித்தார்கள். அப்போதும் துடிப்பு கூடியது. எனக்கு மிகவும் பிடித்தது 1972-இல் கரீமும் சகாக்களும் செய்த பதிவு. விரித்தது ஒரே இடம்தான். இதயத்துக்குப் போகும் சிம்பதெட்டிக் நரம்பு கிளர்ந்தது, சிறுநீரகத்துக்குப் போவது அடங்கியது. சிம்பதெட்டிக் என்றால் உடம்பு முழுக்க ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் என்று படித்து வந்தவனுக்கு அது எப்பேர்ப்பட்ட செய்தி! வகுப்பில் அதை உற்சாகமாகச் சொன்னவனும் நான்தான்.

ஆனால் லாசிக்ஸ் போடச் சொன்னபோது என் மனதில் ஓடிய காரணமும் நாயிடமிருந்து வந்ததே. மாதக்கணக்கில் விரிந்தே கிடக்கும் ஏட்ரியத்தில், விரிவை உணர்ந்து சொல்லும் நரம்பு உணர்விகள் மழுங்கிவிடும். இதயம் நிரம்பியிருந்தும் சிறுநீரக நரம்பு அடங்காது. சிறுநீரகத்தில் ரெனின் என்ற சுரப்பு கூடும், அதனால் உப்பும் நீரும் உள்ளேயே தங்கும். இதயம் பழுதான நாய்களில் கண்டதுதான் இதுவும். மனிதரில் அந்த நரம்பில் கம்பி வைத்துப் பதிவு செய்ய வழியில்லை. சிம்பதெட்டிக் நரம்பு முனைகள் விடும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சிறுநீரகச் சிரையில் எவ்வளவு கசிகிறது என்று அளந்து ஊகிக்கிறோம். அந்த அளவு இதயச் செயலிழப்பில் உயர்ந்திருக்கிறது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரவில் அந்த இரண்டு நிமிடம் இருந்ததா என்றால், மற்ற படுக்கைகளை நினைத்தால் இல்லை என்றே இன்றும் சொல்வேன்.

விடிவதற்குள் யூரின் வந்தது. லாசிக்ஸ், சிறுநீரகத்தில் சிறுநீரை உண்டாக்கும் நுண்குழாயான நெஃப்ரானிலேயே நேராக வேலை செய்யும் மருந்து. ஆகவே அது ரிஃப்ளெக்ஸ் (நரம்பு வழி அனிச்சைச் செயல்) பற்றிய என் கணக்குக்குச் சாட்சி ஆகாது. புடைத்த சிரையும் நுரையீரலில் கேட்ட நீர்ச் சத்தமுமே முடிவுக்குப் போதுமானவை.

ஆரோக்கியமான இதயத்தையும் பழுதான இதயத்தையும் ஒரே வகுப்பில் வைத்தால் பாதிப் பேர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது. பிரித்து வைத்ததால்தான் அந்தக் கேள்வி நோயாளியின் படுக்கைவரை வந்தது என்றும் தோன்றுகிறது.