‘வாளாவிருத்தல்’: எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதும்போது

‘வாளாவிருத்தல்’ என்றால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் சும்மா இருப்பது. “அவர் வாளாவிருந்தார்.” இலக்கணப்படி சரி. ஆனால் எடுத்துக்காட்டு வாக்கியமாக இதனால் பயனில்லை. ‘வாளாவிருந்தார்’ இருக்கும் இடத்தில் ‘தூங்கினார்’, ‘சிரித்தார்’ என்று எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். பொருள் தெரியாதவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

இப்படி எழுதிப் பாருங்கள்: “ஏரிக்கரையில் விரிசல் கண்டும் அதிகாரிகள் வாளாவிருந்தனர்.” செய்ய வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது, செய்யவில்லை. இதுதான் இந்தச் சொல்லின் உயிர். அதனால்தான் ‘கண்டும்’, ‘தெரிந்தும்’, ‘கேட்டும்’ போன்ற உம்மைச் சொற்களோடு இது நன்றாகப் பொருந்துகிறது. “விடுமுறையில் வீட்டில் வாளாவிருந்தேன்” உறுத்துவதும் இதனால்தான். ஓய்வெடுப்பதில் தவறிய கடமை ஏது? அங்கே ‘சும்மா இருந்தேன்’ போதும்.

ஒரே வடிவத்தோடு நிறுத்தாதீர்கள். “அநீதி கண்டு வாளாவிருக்க மாட்டோம்”, “குழந்தை அழும்போது வாளாவிருக்கலாமா?” போன்ற எதிர்மறையும் வினாவும் கட்டாயம் வேண்டும். மேடையிலும் அறிக்கையிலும் இச்சொல் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

எழுத்தில் கவனம் தேவை. வாளா + இருந்தார்: ஆகாரத்தின் பின் வகர உடம்படுமெய் (இரண்டு உயிரெழுத்துகளை இணைக்க நடுவில் வரும் மெய்) வரும் என்பது நன்னூல் விதி. ஆகவே ‘வாளாவிருந்தார்’ என்று சேர்த்தோ, ‘வாளா இருந்தார்’ என்று பிரித்தோ எழுதலாம். ‘வாளா விருந்தார்’ என்று உடைத்தால் கண் ‘விருந்து’க்குப் போய்விடும்.

பழைய உரைநூல்களில் ‘வாளா கூறினார்’ என்று வந்தால், அடைமொழி ஏதுமின்றிப் பொதுவாகச் சொன்னார் என்று பொருள். அதற்குத் தனி எடுத்துக்காட்டு கொடுங்கள், மேலே உள்ளவற்றோடு கலக்க வேண்டாம்.